செயலாளர் வீடு இதுதானா?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஐந்து வருஷத்துக்கு மேலாக இதற்குப் பதில் இல்லாமல் இருந்தது. 2011-இல் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்காகச் சுவரெல்லாம் வெள்ளையடித்து இடம் பிடித்து வைத்திருந்த சமயத்தில், பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்துவிட்டது. அதற்கப்புறம் தனி அலுவலர் நிர்வாகம்தான். தனி அலுவலர் தங்கமானவராகவே இருக்கலாம். ஆனால் ராத்திரி சாப்பிட்ட கையோடு லுங்கியில் போய் நின்று, “இதுக்காப்பா உனக்கு ஓட்டுப் போட்டோம்?” என்று அவரைக் கேட்க முடியாது. அவருக்கு நாம் ஓட்டே போடவில்லையே. ஜனநாயகத்தில் திட்டுவதற்கென்று பக்கத்திலேயே ஓர் ஆள் வேண்டும். 2021 டிசம்பரில் எங்கள் தெரு அந்த ஆளைக் கண்டுபிடித்தது. இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறானே, அவன்தான்.

மழை ஒருவழியாக ஓய்ந்திருந்தது. ஒமிக்ரான் என்று புதிதாக ஒன்று வருகிறது என டிவியில் வரைபடம் போட்டுக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். தெருவுக்கு ஒரு நலச் சங்கம் வேண்டும் என்று, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நாற்காலி, எல்லார் முகத்திலும் மாஸ்க். எனக்கு மாஸ்க் போட்டால் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும்; எதிரே நிற்பது ஹெட்மாஸ்டரா, தண்ணீர் டேங்கா என்று தெரியாது. அன்றைக்கு மாஸ்க் நாடா வேறு கண்ணாடிக் காம்பில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். “செயலாளர் பொறுப்பை யார் ஏத்துக்கிறீங்க?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டது சரியாக அதே விநாடிதான் என்று பிற்பாடு சொன்னார்கள். பலத்த கைதட்டல் கேட்டது. யாருக்கோ என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

பொருளாளர் பதவிக்கு மட்டும் இரண்டு பேர் போட்டியிட்டார்கள். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “சம்பளம் உண்டா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப வெளியில சொல்லிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தோசைக்கு மாவு கரைக்கப் போனாள்.

எனக்கென்னவோ உள்ளூரக் கொஞ்சம் கிளுகிளுப்பாகத்தான் இருந்தது. நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் கணக்கெழுதுகிறவன். எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த ஒருவர், இளம் வயதில் இதே ஊர் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் கோட்டையில் முதலமைச்சராக உட்கார்ந்தார். அண்ணா வாழ்ந்த வீடு இன்றைக்கும் இங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். கணக்கெழுதுவது, சங்கச் செயலாளர், கோட்டை என்று படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தேன். “தோசை ஆறுது” என்று சத்தம் வந்ததும் இறங்கிவிட்டேன்.

ஊருக்கும் அது பதவி உயர்வு கிடைத்த நேரம். 1866-இலேயே நகராட்சியான காஞ்சிபுரம், 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. மொத்தம் 51 வார்டு. ஆகவே நான் ஏதோ பேரூர் செயலாளர் இல்லை, மாநகரச் செயலாளர் என்று ஹெட்மாஸ்டர் தட்டிக்கொடுத்தார். இடைவெளி காரணமாகக் காற்றில்தான் தட்டினார்.

முதல் சிக்கல், புகார்களை எப்படி வாங்குவது என்பது. தொற்று போகிற வரைக்கும் சங்கம் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தரும் வாசற்படி ஏறக்கூடாது என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள். அதனால் கடையிலிருந்து ஒரு நீளமான பேரேட்டை எடுத்து வந்து, துளை போட்டு, எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் சணலால் கட்டித் தொங்கவிட்டேன். கூடவே ஒரு பேனா, ஒரு சானிடைசர் பாட்டில். குறை உள்ளவர்கள் வரலாம், எழுதலாம், கையைத் துடைத்துக்கொண்டு போகலாம். சானிடைசர் அன்றைக்கே காணாமல் போயிற்று. பேனா கயிற்றில் கட்டியிருந்ததால் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அப்புறம் கயிறு மட்டும் இருந்தது. நோட்டு நிரம்பிக்கொண்டே இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டருகே போய், ஒவ்வொரு புகாருக்கும் கீழே ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி வைப்பேன். கடையில் சாயக்காரர் சீட்டு, ஜரிகைக்காரர் சீட்டு எல்லாவற்றிலும் இப்படித்தான் போடுவது வழக்கம். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து என்று வைத்துக்கொண்டால் வியாபாரம் நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

சிலவற்றைப் படித்தும் பார்த்தேன். ‘விளக்கு எரிகிறது, வெளிச்சம் வரவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல தத்துவம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நேரில் வந்து கூப்பிட்ட ஒரே ஆள், ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டில் தறி வைத்திருக்கும் அண்ணன். அவருடையது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து, உள்ளே இருக்கிற மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். அந்த நவம்பரில் மழை எப்படி ஊற்றியது என்று ஞாபகம் இருக்கும். எப்போதும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில், வாலாஜா அணைக்கட்டில் 1 லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று என்றார்கள். ஊரே பாலத்துக்குப் போய் ஆற்றில் தண்ணீர் ஓடுகிற அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தது. மழையென்றால் தறிகாரர்களுக்கு இரட்டை நஷ்டம். ஈரத்தில் பாவு பதம் கெட்டு இழை சொல்பேச்சுக் கேட்காது, குழியிலும் ஊற்றெடுக்கும். மழை நின்று டிசம்பர் போய்ப் பொங்கல் நெருங்கிய பிறகும் இவர் குழியில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. “இறைக்க இறைக்க ஊறுதுண்ணா. நீங்க வந்து ஒரு வாட்டி பாருங்க” என்றார். ‘நீங்க’ என்பதில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. பதவிக்குத் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

செயலாளர் என்றால் மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள்ளேயே இறங்கிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று தண்ணீர். இறங்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததால் சுலபமாக இறங்கினேன். நின்ற பிறகு மூச்சை விட்டேன். முன்னால் நெய்த சேலையைச் சுற்றுகிற மரம், பின்னால் உட்கார் பலகை, நடுவில் என் வயிறு. அதற்கு மேல் அசைய முடியவில்லை. உரலுக்குள் நிறுத்திய உலக்கையாக நின்றேன். தூக்குவதற்கு அவர் கை கொடுப்பார் என்று பார்த்தால், இரண்டு கையையும் விரித்துப் பாவை மறைத்துக்கொண்டு, “ஐயோ, பாவு மேல கை வெச்சிடாதீங்கண்ணா! கோர்வை சேலை!” என்று அலறினார். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில், கரைக்குத் தனி நாடா ஓடுகிற வேலை. இழை அறுந்தால் ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைக்க வேண்டும். செயலாளர் அறுந்தால் வேறு செயலாளர் கிடைப்பார். நியாயம்தானே? கடைசியில் அவர் மனைவியும் மகனும் பின்பக்கமாக அக்குளில் கைகொடுத்து என்னை உருவி எடுத்தார்கள்.

மேலே வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே அவருக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதல்லவா? “இது இன்னைக்கு நேத்து வந்த தண்ணி இல்லப்பா” என்று ஆரம்பித்தேன். பிரம்மா இங்கே யாகம் செய்தபோது கோபித்துக்கொண்ட சரஸ்வதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். அந்த வெள்ளத்துக்குக் குறுக்கே பெருமாளே அணையாகப் படுத்துத்தான் தடுத்தார். இன்றைக்கும் அவர் நம் திருவெஃகாவில் படுத்தபடிதான் இருக்கிறார். அதற்கப்புறம் தண்ணீருக்குக் குறுக்கே யாரும் படுத்ததாகத் தகவல் இல்லை. நாம்தான் தலையணை, மெத்தை, பிளாஸ்டிக் பை என்று மஞ்சள் நீர்க் கால்வாயில் போட்டு அவைகளைப் படுக்க வைத்திருக்கிறோம். கால்வாய் அடைத்தால் நிலத்தடி நீர் எதிர்த்து ஏறும், அதுதான் உன் குழியில் வருகிறது. பல்லவர் காலத்துப் பிரச்சினை, உடனே தீராது. இப்படிச் சொல்லி முடித்தேன். அவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய விஷயங்களைக் கேட்டால் சிலருக்குப் பார்வை அப்படி நிலைத்துவிடும். “சரிண்ணா, நோட்டுல எழுதிடறேன்” என்றார். எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் செப்டம்பர் 12-ஆம் தேதியிலிருந்தே மெகா முகாம் என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊசி போடாதவர்களைத் தேடிப் பிடித்து அனுப்புவது சங்கத்தின் பொறுப்பு, அதாவது என்னுடையது. தெருமுனையில் ஓர் ஆயா மட்டும் ஒரு டோஸுக்கும் மசியவில்லை. ஊசி போட்டுக்கொண்டால் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “நான் அத்தி வரதரை 79-ல பார்த்தேன், 2019-லயும் பார்த்தேன். இன்னொரு வாட்டி பார்த்துட்டுத்தான் போவேன்” என்றார் ஆயா.

அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு முறைதான் குளத்துக்குள்ளிருந்து வெளியே வருவார். அனந்தசரஸ் குளத்தடியிலிருந்து எழுந்தருளி, 2019 ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் தந்தார். ஒரு கோடிப் பேர் வந்தார்கள். எங்களுக்கு அடுத்த தெருவுக்குப் போக அடையாள அட்டை, காய்கறி வாங்கத் தடுப்பு தாண்டல். ஆகவே 2020-இல் ஊரடங்கு வந்தபோது, வீட்டைவிட்டு வெளியே வர முடியாத அனுபவத்தில் சின்ன காஞ்சிபுரம் மற்ற ஊர்களைவிட ஒரு வருஷம் சீனியர். முதல் வருஷம் கூட்டம் இருந்ததால் வெளியே வரவில்லை, மறு வருஷம் கூட்டம் கூடாது என்று வரவில்லை.

அடுத்த தரிசனம் 2059-இல். நான் ஒரு யோசனை செய்து, “ஆயா, 2059-ல ரெண்டு ஊசி போட்டவங்களைத்தான் க்யூவில விடுவாங்களாம்” என்றேன். ஆயா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். செயலாளர் வாழ்க்கையில் நான் பெற்ற ஒரே வெற்றி அது. அதற்கும் விலை உண்டு. அன்றையிலிருந்து என்னைப் பார்க்கிறபோதெல்லாம், “தம்பி, அந்த விஐபி பாஸு என்னாச்சு?” என்று கேட்கிறார். நீ அப்போது இருக்க மாட்டாய், இப்போதே வாங்கிக் கொடுத்துவிடு என்று வேறு சொல்கிறார்.

கபசுரக் குடிநீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 சரக்கு சேர்த்துக் காய்ச்சி, மார்கழிக் காலையில் வெண்பொங்கலோடு விநியோகம் செய்வதாகத் தீர்மானம். பொங்கலுக்கு ஒரு வரிசை, கஷாயத்துக்கு ஒரு வரிசை. பொங்கல் வரிசை திருப்பம் வரைக்கும் நின்றது. கஷாய வரிசையில் நான் நின்றேன். செயலாளர் முதலில் குடித்துக் காட்டினால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார்கள். குடித்தேன். என் முகத்தைப் பார்த்த பிறகு இருந்த ஒன்றிரண்டு பேரும் பொங்கல் வரிசைக்கு மாறிவிட்டார்கள். மீந்ததை அண்டாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். அதற்குத் தொற்றும் வரவில்லை, அப்புறம் இலையும் வரவில்லை.

ஜனவரி 6-ஆம் தேதி இரவு ஊரடங்கு போட்டார்கள், பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை. மறுநாளே பஜனைக் கோஷ்டிக்காரர்கள் கேட் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். நாலரை மணிக்கு வீதி சுற்றுவது தலைமுறை வழக்கம். ஐந்து வரை ஊரடங்கு. செயலாளர் ஒரு வழி சொல்ல வேண்டும். சட்டம் சட்டம்தான் என்றேன் கறாராக. எங்கள் வீட்டுத் திண்ணை முன்னால்தான் அவர்கள் ஜால்ராவைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். மார்கழியில் விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பதே சட்டப்படி குற்றம் என்ற நிலைமை வந்ததில் என்னளவுக்குச் சந்தோஷப்பட்டவர் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. அவர்கள் நல்ல பிள்ளைகளாகப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். அடுத்த நாளிலிருந்து ஐந்து மணி அடித்த மறு விநாடி, வேறெங்கும் சுற்றாமல், நேரே எங்கள் வீட்டு வாசலிலேயே பஜனையைத் தொடங்கினார்கள்.

பொங்கலையும் கேளுங்கள். ஜனவரி 14-லிருந்து 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. 16-ஆம் தேதி ஞாயிறு பார்த்து காணும் பொங்கல். யாரும் யாரையும் காணக்கூடாத காணும் பொங்கல். ஆற்றங்கரை இல்லை, மாமல்லபுரம் இல்லை, சினிமா இல்லை. கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு மொத்தத் தெருவும் வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. சும்மா இருக்கிற மனுஷனுக்குத்தான் கொசு கண்ணில் படும், நாய் குரைப்பது காதில் விழும், மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன போர்வெல் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்கு என் செல்போன் சூடாகி, அரிசி டப்பாவுக்குள் வைக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் அடித்தது.

பொங்கல் முடிந்த கையோடு தேர்தல் மணி அடித்தது. ஜனவரி 17-இல் 21 மாநகராட்சிகளுக்கும் மேயர் இட ஒதுக்கீட்டு ஆணை வந்தது, காஞ்சிபுரம் பெண்களுக்கு. 28-ஆம் தேதியிலிருந்து மனுத்தாக்கல், பிப்ரவரி 19-இல் ஓட்டு. ஐந்து வருஷம் எட்டிப் பார்க்காத வேட்டிகள் எல்லாம் ஒரே வாரத்தில் தெருவுக்குள் நுழைந்தன. கும்பிடும்போது முழு முகம் தெரிய வேண்டும் என்று மாஸ்க்கை மோவாயில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் திருவெஃகா பெருமாளுக்கு, சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டுத் துரத்தினபோது, கணிகண்ணனின் குருவான திருமழிசை ஆழ்வார் சொன்னார் என்று பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிப் போனவர். திரும்பி வா என்றதும் வந்து, போய் வந்ததற்கு அடையாளமாக இடம் வலம் மாறிப் படுத்தவர். வேட்பாளர்கள் ஒவ்வொருவரும் பிரசாரத்தை அவர் சந்நிதியில் அர்ச்சனையோடு தொடங்கியதை நான் பார்த்தேன். அவருக்கும் நகைச்சுவை உணர்ச்சி இருக்கத்தான் வேண்டும்.

சங்கச் செயலாளர் என்றால் கையில் நூறு ஓட்டாவது இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் என்னை ‘தெருவின் தூண்’ என்றார். நானும் ஒரு பலவீனமான நேரத்தில், நாமே ஏன் சுயேச்சையாக நிற்கக்கூடாது என்று யோசித்துவிட்டேன். விசாரித்ததில் டெபாசிட் மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய். நகராட்சியாகவே இருந்திருந்தால் 2,000-தான். ஊருக்குப் பதவி உயர்வு வந்ததில் என் தோல்வியின் விலை இரட்டிப்பாகியிருந்தது. பரவாயில்லை என்று வெள்ளை வேட்டி சட்டை ஒரு செட் வாங்கி, இஸ்திரி போட்டு, ஹெட்மாஸ்டரிடம் முன்மொழியச் சொல்லிக் கேட்கப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உக்காருங்க. நம்ம வார்டு லேடீஸ் வார்டு” என்றார். வார்டுகளில் பாதி பெண்களுக்கு. நோட்டீஸ் ஒட்டி வெகு நாளாகிறதாம்.

அன்று மாலையே தெருப் பெரியவர்கள் திரண்டு வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்கள் என்று நினைத்துக் கேட்டைத் திறந்து நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், என் மனைவியிடம், “நீங்க நில்லுங்கம்மா. எதிர்ப்பே இருக்காது. நாங்களே பணம் கட்டறோம்” என்றார்கள். டெபாசிட்டைப் பொருளாளரே தருவதாகச் சொன்னார். இரண்டு மாதமாக எனக்கு ஒரு பேனா வாங்கித் தராத மனிதர். அவள் எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு, “வேணாங்க. வீட்ல ஒருத்தர் வேலை வெட்டி இல்லாம சுத்தினா போதும்” என்றாள். அவர்கள் அந்த நியாயத்தை உடனே ஒப்புக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

வேட்டி வீணாகவில்லை, ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் கட்டிக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தலையில் ஏதோ வாசனைத் தைலம் தேய்த்திருந்தார். தும்மினேன். அடக்க முயன்றதில் இரண்டாவது தும்மல் இன்னும் கௌரவமில்லாமல் வந்தது. அந்தத் தேர்தலில் தொற்று உள்ளவர்கள் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஓட்டுப் போடலாம் என்று ஏற்பாடு. “செயலாளரே, உங்களுக்கு அஞ்சு மணிக்கு மேலதான்” என்றது ஒரு குரல். எனக்கு வெறும் தைல அலர்ஜி என்றேன். “எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க” என்று பின்னாலிருந்து ஆயா குரல் கொடுத்தார். இரண்டு ஊசி போட்டவர்; பேச உரிமை இருக்கிறது.

ஐந்து மணிக்குப் போனேன். சாவடியில் வேறு ஒரு ஜீவன் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்த அலுவலர்கள் என்னைக் கண்டதும் எழுந்து, ஒருவருக்கொருவர் முதுகில் நாடா கட்டிவிட்டு, தலையிலிருந்து கால்வரை மூடுகிற அந்த வெள்ளை உடுப்பை அணிந்துகொண்டார்கள். நானும் வெள்ளை, அவர்களும் வெள்ளை. எனக்கு ஒன்றும் இல்லை சார் என்று விளக்கப் பார்த்தேன். “பேசாதீங்க” என்றார்கள். கை உறை போட்ட விரலைப் பிடித்து மை வைக்க முடியாமல், பிறகு உறையைக் கழற்றச் சொல்லி, எட்ட நின்று குச்சியை நீட்டி மை வைத்தார்கள். பாதி மை வேட்டியில்.

22-ஆம் தேதி எண்ணினார்கள். மார்ச் 4-இல் காஞ்சிபுரத்தின் முதல் மேயராக மகாலட்சுமி யுவராஜ் தேர்வானார். எங்கள் வார்டில் ஜெயித்த பெண், அரசியலுக்குப் புதிது, சுறுசுறுப்பு. நன்றி சொல்ல வீடு வீடாக வந்தவர் எங்கள் கேட்டுக்கும் வந்தார். பின்னால் பாதித் தெரு. “நீங்கதான் செயலாளரா அண்ணா? புகார் நோட்டு வெச்சிருக்கீங்களாமே, குடுங்க, இங்கயே பார்த்துடலாம்” என்றார். சணலை அவிழ்த்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தேன். மாலை இல்லாத ஒரு பிரிவுபசார விழா. ஒவ்வொரு பக்கமும் கையெழுத்தோடும் தேதியோடும் இருப்பதைப் பார்த்து அவர் அசந்துபோவார் என்று எதிர்பார்த்தேன்.

அசந்துதான் போனார். திண்ணையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தார். பிறகு தலை நிமிர்ந்து, எங்கள் முருங்கை மரத்தையும் அதன் உள்ளே எங்கோ எரிந்துகொண்டிருந்த தெருவிளக்கையும் பார்த்தார். பொதுச் சுவரை ஒட்டியிருக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அதன் அடியில் ஈரம் படர்ந்து பாசி பிடித்திருந்தது. அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கக் குரைக்கிற நாய், என் மனைவி வைத்த சோற்றைத் தின்றுவிட்டு அவர் காலடியில் வந்து படுத்தது.

“அண்ணா, இதுல பாதிக்கு மேல உங்க மேல வந்த புகாராச்சே” என்றார் மெதுவாக. “அத்தனையிலயும் ‘பார்வையிடப்பட்டது’ன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

தெரு என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார். பொதுவாழ்க்கையில் இதெல்லாம் சகஜம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மனைவி காபித் தட்டோடு வெளியே வந்து, கவுன்சிலர் தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கம் பின்னால திருப்பும்மா. அந்தப் பச்சை மையில இருக்கறது நான் எழுதினது.”